அணுக்கருவின் ஆயுளை அதன் நிறை சொல்லுமா?

முதலில் ஒரு கூட்டல் கணக்கு. ஹீலியம்-4 அணுவுக்குள் இருப்பவை இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான், இரண்டு எலக்ட்ரான். ஒரு புரோட்டானும் ஒரு எலக்ட்ரானும் சேர்ந்தால் ஒரு ஹைட்ரஜன் அணு என்பதால், இரண்டு ஹைட்ரஜன் அணு, இரண்டு நியூட்ரான் என்று கணக்கைச் சுருக்கிக்கொள்ளலாம். நிறைகளை அணு நிறை அலகில் எழுதுகிறேன். ஒரு கார்பன்-12 அணுவின் நிறையை 12ஆல் வகுத்தால் கிடைப்பதே ஓர் அலகு.

2 ஹைட்ரஜன் அணு: 2 × 1.007825 = 2.015650
2 நியூட்ரான்: 2 × 1.008665 = 2.017330
கூட்டினால்: 4.032980
அளந்து பார்த்த ஹீலியம்-4 அணு: 4.002603
குறைவது: 0.030377

துகள்கள் அதேதான், எண்ணிக்கையிலும் ஒன்றும் குறையவில்லை. ஆனால் சேர்ந்த பிறகு மொத்த நிறையில் முக்கால் சதவீதத்தைக் காணோம். அளந்தவர்கள் செய்த பிழை என்று தள்ளிவிட முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட துகள்கள் கட்டுண்டிருக்கும் எந்தக் கருவை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒரு குறைவு இருக்கிறது. இதற்கு நிறை குறைபாடு என்று பெயர். ஒரு கரு நிலைத்து நிற்குமா, சிதைந்து போகுமா என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இந்தத் தசமச் சில்லறைகளில்தான் இருக்கிறது.

போன நிறை எங்கே? துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சேரும்போது ஆற்றல் வெளியேறுகிறது. ஆற்றல் வெளியேறினால் அதற்கு ஈடான நிறையும் கூடவே போகும். 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னது இதைத்தான்: நிறையை ஒளிவேகத்தின் இருமடியால் பெருக்கினால் அதற்கு ஈடான ஆற்றல். அணு உலகில் ஆற்றலை அளக்கும் அலகு எலக்ட்ரான் வோல்ட்; ஓர் அணு நிறை அலகு என்பது சுமார் 931.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஆக ஹீலியம் உருவாகும்போது வெளியேறுவது சுமார் 28.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். மறுபடி அந்தக் கருவைத் துகள் துகளாகப் பிரிக்க வேண்டுமென்றால் இதே அளவு ஆற்றலை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். இதுதான் பிணைப்பாற்றல்.

வேதிவினையிலும் இதே விதிதான். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறு உருவாகும்போது சுமார் 3 எலக்ட்ரான் வோல்ட் வெளியேறுகிறது, நிறையும் குறைகிறது. ஆனால் குறைவது ஆயிரம் கோடியில் இரண்டு பங்குகூட இல்லை. அதனால்தான் வேதியியல் வகுப்பில் நிறை மாறாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிறது. கருவுக்குள் விசைகள் அத்தனை வலிமையானவை என்பதால் நிறை குறைவதை அளந்தே பார்த்துவிடலாம்.

பாடம் படிக்கும் பலர் இந்த இடத்தில் தடுமாறுவதுண்டு. பிணைப்பாற்றல் என்றதும் அது கருவுக்குள் எங்கோ சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மை நேர் எதிர். அது கரு ஏற்கெனவே இழந்துவிட்ட ஆற்றல். கிணற்றில் விழுந்த கல்லை நினைத்துக்கொள்ளுங்கள்: கிணறு எவ்வளவு ஆழமோ, கல்லை வெளியே எடுக்க அவ்வளவு பாடுபட வேண்டும். பிணைப்பாற்றல் அதிகம் என்றால் கிணறு ஆழம் என்று பொருள். ஆழத்தில் கிடப்பது தானாக மேலே வராது.

அட்டவணையில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

கணக்குப் போடும் முன் ஓர் எச்சரிக்கை. தனிம அட்டவணையில் குளோரினுக்கு 35.45 என்று போட்டிருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நிறை குறைபாடு கணக்கிட உட்கார்ந்தால் அபத்தமான விடை வரும். 35.45 நிறையுள்ள குளோரின் அணு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமானவை குளோரின்-35, மீதி குளோரின்-37. அட்டவணை தருவது இவற்றின் சராசரி. ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறும் இந்த வகைகளுக்கு ஐசோடோப்புகள் என்று பெயர். நமக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட ஐசோடோப்பின் நிறை. அப்புறம், நிறை எண் வேறு, நிறை வேறு. 35 என்பது புரோட்டான், நியூட்ரான்களின் எண்ணிக்கை, அது முழு எண்ணாகத்தான் இருக்கும். குளோரின்-35 அணுவின் உண்மையான நிறை சுமார் 34.969. ஒவ்வோர் ஐசோடோப்பையும் தனித்தனியே நிறை பார்க்கும் கருவியை 1919இல் பிரான்சிஸ் ஆஸ்டன் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய பிறகுதான் இந்த வித்தியாசமெல்லாம் தெளிவானது.

ஆஸ்டனின் அளவீடுகளைப் பார்த்த வானியலாளர் ஆர்தர் எடிங்டன், 1920இலேயே ஒரு யோசனை சொன்னார். நான்கு ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகும்போது நிறை குறைகிறது என்றால், சூரியன் இத்தனை காலம் எரிவதற்கான ஆற்றல் அங்கிருந்து வரலாம் என்றார். நியூட்ரானை யாரும் கண்டுபிடிக்காத காலம் அது, சாட்விக் அதைக் கண்டுபிடித்தது 1932இல்தான். ஆனாலும் எடிங்டனின் ஊகம் சரியாகவே இருந்தது. இன்றைய கணக்குப்படி சூரியன் நொடிக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் நிறையை ஒளியாகவும் வெப்பமாகவும் இழந்துகொண்டிருக்கிறது.

கனமான கரு என்றால் நிலையற்றதா?

யுரேனியம், ரேடியம், புளூட்டோனியம் எல்லாம் கனமானவை, எல்லாம் கதிரியக்கம் கொண்டவை. அதனால் கனம் கூடினால் உறுதி குறையும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஈயம்-208 அத்தனை கனத்தோடும் அசையாமல் இருக்கிறது. ஹைட்ரஜனின் மூன்றாவது ஐசோடோப்பான டிரிட்டியம் வெறும் மூன்று துகள்கள்தான், அது சிதைகிறது, அரை ஆயுட்காலம் (அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 12.3 ஆண்டு. அட்டவணையின் நடுவில் 43ஆவது இடத்தில் இருக்கும் டெக்னீசியத்துக்கு நிலையான ஐசோடோப் ஒன்றுகூட இல்லை. எனவே மொத்த நிறையைப் பார்த்துப் பயனில்லை. இழந்த நிறையைத்தான் பார்க்க வேண்டும்.

கருக்களை ஒப்பிட வசதியான அளவு, ஒரு துகளுக்கு எவ்வளவு பிணைப்பாற்றல் என்பது. புரோட்டான், நியூட்ரான் இரண்டையும் பொதுவாக நியூக்ளியான் என்பார்கள். ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் கொண்ட ஹைட்ரஜன் ஐசோடோப்பான டியூட்டீரியத்தில் ஒரு நியூக்ளியானுக்கு 1.1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஹீலியம்-4இல் அது 7.07ஆகத் தாவுகிறது. கார்பன்-12இல் 7.68. இரும்பு-56இல் 8.79. அதற்கு மேல் மெல்ல மெல்ல இறங்கி யுரேனியம்-238இல் 7.57க்கு வந்துவிடுகிறது.

ஏன் இப்படி ஏறி இறங்க வேண்டும்? நியூக்ளியான்களைக் கட்டிப்போடும் வலிய விசைக்கு எட்டும் தூரம் மிகக் குறைவு. ஒரு நியூக்ளியான் தன் பக்கத்தில் இருப்பவற்றோடு மட்டும்தான் ஒட்டிக்கொள்ளும். சிறிய கருவில் பெரும்பாலானவை ஓரத்தில் இருப்பவை, அவற்றுக்கு ஒரு பக்கம் துணை இல்லை. கரு பெரிதாகும்போது உள்ளே இருப்பவற்றின் விகிதம் கூடுகிறது, பிணைப்பு இறுகுகிறது. ஆனால் மின்விலக்கு அப்படியல்ல, அது தூரம் பார்க்காது. ஒவ்வொரு புரோட்டானும் கருவில் இருக்கும் மற்ற எல்லாப் புரோட்டான்களையும் தள்ளுகிறது. புரோட்டான் கூடக் கூட ஒட்டுதல் எண்ணிக்கைக்கு ஏற்ப உயரும், தள்ளுதல் ஏறக்குறைய எண்ணிக்கையின் இருமடிக்கு ஏற்ப உயரும். இரும்பின் அருகில் இரண்டும் சமநிலைக்கு வருகின்றன, அதைத் தாண்டினால் தள்ளுதலின் கை ஓங்குகிறது. கனமான கருக்களில் நியூட்ரான்கள் கூடுதலாக இருப்பதற்கும் இதுதான் காரணம்: அவை ஒட்டும், ஆனால் தள்ளாது. ஈயம்-208இல் 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான்.

இரும்பு-56தான் உச்சம் என்று பல புத்தகங்களில் இருக்கும். நுணுகிப் பார்த்தால் நிக்கல்-62 மயிரிழையில் முந்துகிறது, ஒரு நியூக்ளியானுக்கு 8.795. ஆனால் ஒரு நியூக்ளியானுக்குச் சராசரி நிறை எது மிகக் குறைவு என்று கேட்டால் விடை இரும்பு-56தான். நியூட்ரான் புரோட்டானைவிடச் சற்றுக் கனமானது, நிக்கல்-62இல் நியூட்ரானின் பங்கு கொஞ்சம் அதிகம். அதனால்தான் இந்த இரட்டை விடை. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த ஏற்ற இறக்கம் தெரிந்துவிட்டால் அணுக்கரு இணைவு, அணுக்கரு பிளவு இரண்டும் ஒரே கதையாகிவிடும். லேசான கருக்கள் சேர்ந்து இரும்பை நோக்கி நகர்ந்தால் நிறை குறையும். கனமான கரு பிளந்து இரும்பை நோக்கி நகர்ந்தாலும் நிறை குறையும்.

1938 டிசம்பரில் இந்தக் கணக்கு ஒரு பெரிய புதிரை அவிழ்த்தது. யுரேனியத்தின் மீது நியூட்ரானை மோதவிட்டால் பேரியம் கிடைக்கிறது என்று பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் கண்டார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி ஸ்வீடனில் இருந்த லீசே மைட்னர், தன்னைப் பார்க்க வந்திருந்த அக்காள் மகன் ஓட்டோ ஃபிரிஷோடு பனியில் நடந்துகொண்டே இதைப் பற்றிப் பேசினார். யுரேனியக் கரு இரண்டாகப் பிளந்திருந்தால், இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு பாய வேண்டும். அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வரும்? மைட்னருக்குக் கருக்களின் நிறையைக் கணக்கிடும் முறை மனப்பாடம். துண்டுகளின் மொத்த நிறை ஒரு புரோட்டானின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும் என்று அங்கேயே கணக்கிட்டார். அதை ஆற்றலாக மாற்றினாலும் ஏறக்குறைய அதே 200 வந்தது. பிளவு என்பதில் அதற்கு மேல் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்

சரி, ஒரு நியூக்ளியானுக்குப் பிணைப்பாற்றல் அதிகம் இருந்தால் கரு நிலையானது என்று முடித்துவிடலாமா? முடியாது. பெரிலியம்-8ஐப் பாருங்கள். அதில் நான்கு புரோட்டான், நான்கு நியூட்ரான், ஒரு நியூக்ளியானுக்கு 7.06 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். பக்கத்தில் இருக்கும் லித்தியம்-7க்கு வெறும் 5.6தான். ஆனால் லித்தியம்-7 காலகாலத்துக்கும் நிலைத்திருக்கிறது. பெரிலியம்-8 ஒரு நொடியைக் கோடி கோடி பங்காகப் போட்டாலும் அதில் ஒரு பங்கு நேரம்கூடத் தாங்காமல் இரண்டாக உடைந்துவிடுகிறது. காரணத்தை நிறை சொல்லும்:

பெரிலியம்-8 அணு: 8.005305
இரண்டு ஹீலியம்-4 அணு: 2 × 4.002603 = 8.005206

உடைந்தால் நிறை 0.000099 குறைகிறது. ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பெரிலியம்-8இன் பிணைப்பு வலுவானதுதான், ஆனால் அதே எட்டுத் துகள்களை வைத்து அதைவிட லேசான ஓர் ஏற்பாடு இருக்கிறது. லித்தியம்-7க்கு அப்படி ஒரு மாற்று ஏற்பாடு இல்லை.

இங்கேதான் விதி தெளிவாகிறது. ஒரு கரு நிலையானதா என்று அதைத் தனியாக வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. அது சிதைந்து என்னவாகக்கூடுமோ அதன் மொத்த நிறையோடு ஒப்பிட வேண்டும். சிதைந்த பிறகு கிடைப்பவை லேசாக இருந்தால் சிதைவுக்கு வழி உண்டு. கனமாக இருந்தால், வெளியிலிருந்து ஆற்றல் வராதவரை அந்த வழி அடைபட்டதுதான்.

நியூட்ரானே இதற்கு நல்ல சாட்சி. தனியாக இருக்கும் நியூட்ரானின் நிறை 1.008665. அது ஹைட்ரஜன் அணுவின் 1.007825ஐவிட அதிகம். எனவே தனி நியூட்ரான் சுமார் பத்து நிமிட அரை ஆயுட்காலத்தில் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும், கூடவே எதிர் நியூட்ரினோ என்ற மிக லேசான துகளாகவும் மாறிவிடுகிறது. அதே நியூட்ரான் டியூட்டீரியக் கருவுக்குள் இருந்தால்? டியூட்டீரியம் அணுவின் நிறை 2.014102. உள்ளே இருக்கும் நியூட்ரான் சிதைந்தால் மிஞ்சுவது இரண்டு புரோட்டான். இரண்டு புரோட்டான்கள் மட்டும் சேர்ந்து ஒரு கருவாக நிற்காது, ஆக இரண்டு ஹைட்ரஜன் அணுவாகத்தான் கணக்கிட வேண்டும்: 2.015650. சிதைந்தால் நிறை கூடும் என்பதால் சிதைய வழியில்லை. வெளியே பத்து நிமிடத்தில் போகிற துகள், உள்ளே கோடிக்கணக்கான ஆண்டுகள் பத்திரமாக இருக்கிறது. அணு நிறைக்கும் நிலைத்தன்மைக்கும் உள்ள உறவுக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பழம்பொருள்களின் வயதைக் கணிக்க உதவும் கார்பன்-14இன் நிறை 14.003242. நைட்ரஜன்-14இன் நிறை 14.003074. வித்தியாசம் 0.000168தான், ஆனால் கார்பன் பக்கம்தான் கனம் என்பதால் அது நைட்ரஜனாக மாறுகிறது. யுரேனியம்-238 ஓர் ஆல்பா துகளை, அதாவது ஒரு ஹீலியம்-4 கருவை, உமிழ்ந்து தோரியம்-234 ஆகும்போது குறைவது 0.004584 அலகு, ஆற்றலில் சுமார் 4.27 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்.

இன்னொரு விசித்திரம் ஒற்றை, இரட்டை எண்ணிக்கையில் இருக்கிறது. புரோட்டான்கள் இரண்டிரண்டாகவும் நியூட்ரான்கள் இரண்டிரண்டாகவும் சோடி சேரும்போது நிறை கொஞ்சம் கூடுதலாகக் குறைகிறது. புரோட்டானும் ஒற்றைப்படை, நியூட்ரானும் ஒற்றைப்படை என்றால் இரண்டு பக்கமும் சோடியில்லாத ஒன்று மிஞ்சும், கரு கனமாகிவிடும். அப்படிப்பட்டவற்றில் இயல்பு நிலையில் உறுதியாக நிற்பவை நான்கே நான்கு: டியூட்டீரியம், லித்தியம்-6, போரான்-10, நைட்ரஜன்-14. பொட்டாசியம்-40இல் 19 புரோட்டான், 21 நியூட்ரான், அதாவது இரண்டும் ஒற்றை. அதன் நிறை 39.963998. ஒரு பக்கத்தில் கால்சியம்-40, நிறை 39.962591. மறுபக்கத்தில் ஆர்கான்-40, நிறை 39.962383. இருபுறமும் லேசான அண்டைவீட்டார் இருப்பதால் பொட்டாசியம்-40 இரண்டு வழியிலும் சிதைகிறது. சில அணுக்கள் எலக்ட்ரானை உமிழ்ந்து கால்சியம் ஆகின்றன, சில தம் எலக்ட்ரான் ஒன்றையே கருவுக்குள் இழுத்துக்கொண்டு ஆர்கான் ஆகின்றன.

நிறை சொல்லாதது

பொட்டாசியத்தின் எண்களை இன்னொரு முறை பார்த்தால் ஓர் இடறல் தெரியும். ஆர்கான்தான் அதிக லேசு, ஆனால் சிதையும் அணுக்களில் பத்தில் ஒன்பது பங்கு கால்சியம் பக்கம்தான் போகின்றன. சிதையவும் அவசரம் இல்லை, அரை ஆயுட்காலம் சுமார் 125 கோடி ஆண்டு. எந்த வழி திறந்திருக்கிறது என்பதை நிறை சொல்லும். எவ்வளவு வேகமாக அந்த வழியில் போகும் என்பதை நிறை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பொட்டாசியம்-40இன் கரு சுழற்சியும் அது மாறிப் போக வேண்டிய கருக்களின் சுழற்சியும் பெரிதும் வேறுபடுவதால் அந்த மாற்றம் அபூர்வமாகத்தான் நடக்கிறது.

ஆல்பா சிதைவில் தடை வேறு மாதிரி. வெளியே போகப் பார்க்கும் ஆல்பா துகளை ஒரு ஆற்றல் தடுப்பு மறிக்கிறது. அதைத் தாண்ட அந்தத் துகளிடம் போதிய ஆற்றல் இல்லை. ஆனாலும் குவாண்டம் விதிப்படி தடுப்பை ஊடுருவிச் செல்ல ஒரு சிறிய வாய்ப்பு உண்டு. 1928இல் ஜார்ஜ் கேமோவும், தனியாக ரொனால்ட் கர்னி, எட்வர்ட் கோண்டன் இருவரும் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கிடைக்கும் ஆற்றல் கொஞ்சம் மாறினாலும் இந்த வாய்ப்பு தலைகீழாக மாறிவிடும். யுரேனியம்-238க்குக் கிடைப்பது 4.27 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், அரை ஆயுட்காலம் சுமார் 447 கோடி ஆண்டு. பொலோனியம்-212க்குக் கிடைப்பது ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு, அரை ஆயுட்காலமோ ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை, சுமார் 0.3 மைக்ரோநொடி. ஆற்றல் இருமடங்கு ஆனதற்கு ஆயுள் குறைந்தது 5க்குப் பின்னால் 23 பூஜ்யம் போட்டால் வரும் அத்தனை மடங்கு.

பிஸ்மத்-209ஐ நெடுங்காலமாக நிலையான கரு என்றே எழுதிவந்தார்கள். நிறைக் கணக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை: ஆல்பா துகளை உமிழ்ந்து தாலியம்-205 ஆனால் சுமார் 3.1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் மிஞ்சும். 2003இல் பிரான்சில் ஓர் ஆய்வுக்குழு அந்தச் சிதைவைப் பிடித்தேவிட்டது. அரை ஆயுட்காலம் 2க்குப் பின்னால் 19 பூஜ்யம் போட்ட அத்தனை ஆண்டு, பிரபஞ்சத்தின் வயதைப்போல நூறு கோடி மடங்குக்கும் மேல்.

மேலே அசையாமல் இருக்கிறது என்று சொன்ன ஈயம்-208க்கும் இந்தச் சோதனையை வைத்துப் பார்க்கலாம். அதன் நிறை 207.976652. பாதரசம்-204, ஹீலியம்-4 இரண்டையும் கூட்டினால் 207.976097. ஆக கணக்குப்படி ஈயம்-208க்கும் ஒரு வழி திறந்துதான் இருக்கிறது. கிடைக்கும் ஆற்றல் அரை மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குத்தான் என்பதால் தடுப்பை ஊடுருவும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லிவிடலாம். அது சிதைந்ததை இதுவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் அட்டவணைகளில் அது நிலையான கருவாகவே இருக்கிறது.